குறைமாதத்துக்குக் கணக்கு வேறு

மல்லியும் மிளகும் ஒன்றாக வறுபடும் மணம் எங்கிருந்து வந்தாலும் என் கால்கள் நின்றுவிடும். போன கிழமை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற பகுதியில், ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்த வழியில், ஏதோ ஒரு மாடி யன்னலிலிருந்து அது இறங்கி வந்தது. தூறலில் நனைந்து, பஸ்களின் புகையோடு கலந்து, அப்படியும் தன்னை மறக்காமல் வந்தது. பின்னால் வந்தவர் என் முதுகில் மோதிவிட்டு, தானே மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். மல்லி, மிளகு, கூடவே கருகுவதற்கு ஒரு கணம் முந்திய உள்ளிப்பூண்டு. அந்த மாடிகளில் எங்கோ ஒருத்தி பிள்ளை பெற்றுவிட்டுப் படுத்திருக்கிறாள். அவளுக்கு யாரோ பத்தியக் கறிக்குச் சரக்கு வறுக்கிறார்கள். சுகமாயிருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ரயில் போய்விட்டது.

அந்த மணத்தோடு எப்போதும் ஒரு பெண்மணியின் நினைவு வரும். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையை விட்டுப்போக எனக்கு மனமில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் தமிழ்க் குடும்பங்களோடு இருப்பதற்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்தான் இதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமையோடு என் அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறேன். ஓய்வு என்று சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நிற்கத் தெரியாத கால்கள் எனக்கு. ஒரே இடத்தில் இவ்வளவு காலம் இருந்துவிட்டேன் என்பதை என் வீட்டில் இன்றும் யாரும் நம்புவதில்லை.

வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மருந்து கொடுப்பதில்லை, மெஷின்களைத் தொடுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் இன்குபேட்டருக்குள் மெல்ல மெல்ல ஆளாகிக்கொண்டிருக்க, வெளியே ஒரு நாற்காலியில் தாயும் தகப்பனும் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்காருகிறோம். சொல்லும்போது சின்ன வேலை. உட்கார்ந்து பாருங்கள்.

நானும் அந்த நாற்காலியிலிருந்து எழும்பி வந்தவள்தான். என் இரட்டையர் இன்று என்னைவிட உயரம். பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, நிரம்பிக் கிடக்கும் சாமான்களைப் பார்த்து, ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறந்தபோது அவர்களுடைய தோல் உள்ளிப் பல்லின் உள்தோல் போல இருந்தது. வெளிச்சம் பட்டால் உள்ளே ஓடும் இரத்தம் தெரியும். அன்று என்னைப் பார்க்க வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் செத்த வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனார்கள். அந்த வார்டை நடத்திய சிஸ்டர் ஒருவர்தான் என் சக்கர நாற்காலிக்கு முன்னால் குனிந்து, ஆங்கிலத்தில், வாழ்த்துகள் அம்மா என்றார். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று அந்த ஊரில் ஒருவருக்குத் தோன்றியிருந்தது. நான் அழுதேன். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். புகழ்ந்தால் முகம் சிவந்து வேறு அறைக்குப் போய்விடுகிறவர். பிறகு பல வருடங்கள் அவருக்குப் பக்கத்திலேயே வேலை செய்தேன். நான் இங்கே சொல்லப்போவதில் பாதி அவருடையது.

மீதிப் பாதி பாரிஸ் அக்காவினுடையது.

சிந்து என்று ஒரு தாய். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். உன் மனுசன் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்றேன். “அவர் தமிழில வாசிக்கிறது கடைப் போர்டு மட்டும்தான் அன்ரி, பயப்பிடாமல் எழுதுங்கோ” என்றாள்.

அவள் கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அவளுடைய கணவன் கஜன் சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்தவன். பார்க்கிங்கில் ஒரு மொத்தக் கடைக்குச் சாமான் ஏற்றும் வான் ஓட்டுகிறான். முதல் பிள்ளைப்பேறே இரட்டை. மாதம் நிறைவதற்கு வெகு முன்பே அவசரமாகக் கீறி எடுக்க வேண்டி வந்தது. பெரியவன் ஒருவன், சின்னவள் ஒருத்தி. பெரியவன் என்பது எங்கள் வார்டுப் பேச்சு. அவனும் என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் அடங்குவான். சிந்துவின் தாய் தகப்பன் ஊரில், விசா எடுத்து வர முடியாத நிலையில். கஜனுக்குத் தாய் தகப்பன் இருவருமே உயிரோடு இல்லை. ஆகவே பாரிஸிலிருந்து அவனுடைய அக்கா, ஒரு பெட்டி நிறையச் சரக்குத்தூளும் உள்ளியும் நல்லெண்ணெயுமாக, பத்தியம் பார்க்க வந்து இறங்கினார்.

சிந்துவைச் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் இங்கே. அதன் பிறகு அவள் வரவில்லை.

கஜன் வந்தான். ஷிப்டுக்கு முன்னால் ஒருமுறை, ஷிப்டு முடிந்து ஒருமுறை. உருளைக்கிழங்குத் தூசி படிந்த ஜாக்கெட்டைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, கையை முழங்கை வரை கழுவி, இரண்டு இன்குபேட்டருக்கும் நடுவில் யாரோ தண்டனை கொடுத்தது போல நிற்பான். தாயைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில். அக்கா வந்து நிற்கிறா, முப்பத்தொன்று முடியாமல் வெளியே விடமாட்டா.

உங்களுக்குத் தெரியாமல் இராது. பிள்ளை பெற்றவள் முப்பத்தோராம் நாள் தீட்டு என்கிற துடக்குக் கழியும் வரை வீட்டோடு இருப்பது எங்களுக்குள் வழக்கம். பச்சை உடம்பு, குளிர் படக்கூடாது, பத்தியச் சாப்பாடு, மருந்துத் தண்ணீரில் முழுக்கு. லண்டனிலும் நடக்கிறது. பிள்ளை பக்கத்துத் தொட்டிலில் கிடக்கும்போது அதில் ஒரு குறையுமில்லை. பிள்ளை இரண்டு பஸ் தூரத்தில் கிடந்தால்?

வார்டிலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். எடுத்த போதெல்லாம் அக்காதான் பேசினார். அவருக்குத் தெரிந்தது தமிழும் பிரெஞ்சும். ஆங்கிலத்தில் மூன்று சொல் வைத்திருந்தார். சிந்து ஸ்லீப். சிந்து பாத். சிந்து ஈட். எங்கள் நர்ஸ் ஒருத்தி அதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அடுத்த கிழமை அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் வார்டில் வியாழக்கிழமைதோறும் குடும்பங்களைப் பற்றிப் பேசும் கூட்டம் உண்டு. அதில் சிந்துவின் பேச்சு வந்தது. கனிவான ஓர் இளம் டொக்டர், இது அவர்களுடைய கலாசாரம், மதிக்க வேண்டும் என்றார். கனிவு குறையாத இன்னொருவர், கலாசாரத்தின் பெயரால் ஒரு பெண்ணை வீட்டில் பூட்டி வைக்கலாமா என்றார். இருவரும் கண்ணியமாக மோதிக்கொண்டார்கள். பிறகு மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்களையும் பார்ப்பார்கள். உங்கள் ஆட்களின் வழக்கம்தானே, நீங்களே சொல்லுங்கள் என்பார்கள்.

அந்த நேரம் வாயைத் திறக்க அவசரப்படாதீர்கள். ஒரு வழக்கத்தின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

என்னை அரித்தது வேறொன்று. கஜன் வரும்போதெல்லாம் தோளில் ஒரு குளிர்ப்பை வரும். அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, சின்னச் சின்னப் போத்தல்களில் தாய்ப்பால். ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு நாளும் குறைந்ததில்லை. பால் எடுக்கும் மெஷினோடு மல்லுக்கட்டுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். நெஞ்சு வலிக்கும், தூக்கம் போகும், எதிரே பிள்ளையின் முகம் இல்லாவிட்டால் ஒரு சொட்டு இறங்குவதற்கே மனதைக் கெஞ்ச வேண்டும். பிள்ளைகளைக் கைவிட்டவள் இதைச் செய்யமாட்டாள். பூட்டி வைக்கப்பட்டவளும் இப்படிச் செய்யமாட்டாள். வராதவள், அந்தப் போத்தல்களில் வந்துகொண்டுதான் இருந்தாள்.

கூட்டம் முடிவில் ஒரு கிழமை தவணை கொடுத்தார்கள். அடுத்த வியாழனுக்குள் தாய் வரவில்லையென்றால் கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும். இதை நான்தான் கஜனிடம் சொன்னேன். அவன் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பிள்ளையளைக் குடுக்கமாட்டினமோ அன்ரி?”

அப்படி உடனே ஒன்றும் நடக்காது என்றேன். அவன் நம்பவில்லை. எங்கள் ஆட்களிடம் அந்த அலுவலகத்தைப் பற்றி உலவும் கதைகள் அப்படி. நான் உன் அக்காவோடு கதைக்கிறேன் என்றேன். அவன் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு சிரிப்பு வந்தது. “உங்களுக்கு எங்கட அக்காவைத் தெரியாது” என்றான்.

மறுநாள் மத்தியானம் போனேன். கதவு திறக்கும் முன்பே அந்த மணம் வந்தது. மல்லி, மிளகு, உள்ளி. பாரிஸ் அக்கா கட்டையான, அகலமான பெண்மணி; கையில் அகப்பை, இடுப்பில் சொருகிய சேலைத் தலைப்பு, காலில் தடித்த கம்பளிச் சொக்ஸ். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியோ? வாரும். சப்பாத்தைக் கழட்டும். ஆனா ஒண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போற கதை மட்டும் கதைக்கக்கூடாது.”

குசினி மேசையில் இருத்தி, கேட்காமலேயே ஒரு பிளேன்டீ வைத்தார். நான் மெதுவாகத் தொடங்கினேன். காரில் கூட்டிப்போகலாம், வார்டு ஊரைப்போல வெதுவெதுப்பாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் திரும்பலாம். அவர் சட்டியைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “முப்பத்தொண்டு கழியாமல் படி இறங்க விடமாட்டன். பழங்காலத்து மனுசி எண்டு சொன்னாலும் பரவாயில்லை. என்ர தம்பியின்ர பெஞ்சாதி, நான்தான் பொறுப்பு.” எனக்குக் கோபம் ஏறியது. அங்கே என் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை; கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான். அப்படி அலைந்த கண்ணுக்குத்தான் கூரையிலிருந்த புகை அலாரம் பட்டது. அதைக் குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியால் இறுக்கி மூடியிருந்தார்கள்.

அதில் அதிசயமில்லை. கறி வறுக்கும் வீடுகளில் செய்கிறதுதான். செய்யக்கூடாததுதான், ஆனாலும் செய்கிறார்கள். நான் கோபத்தை ஆற்ற அதைப் பகிடியாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது மைக்ரோவேவ் முடிந்து, பீப் பீப் என்று அடித்தது.

அக்கா அகப்பையைப் போட்டுவிட்டு அந்த அகலமான உடம்போடு பாய்ந்தார். ஆனாலும் பிந்திவிட்டார். அறைக் கதவு திறந்து, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் வெளியே வந்தாள். இரண்டு கையும் காதில். அவளுடைய கண்கள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை; சுவரில், நாங்கள் இல்லாத ஓர் இடத்தில், ஏதோ ஓர் இலக்கத்தைத் தேடின.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். என் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், பஸ் கதவு மூடும் சத்தத்துக்கு நான் அப்படித்தான் நிமிர்வேன். வார்டு மொனிட்டரின் ஓசை காதில் குடியேறினால் இலேசில் வெளியேறுவதில்லை.

“ஒண்டுமில்லை பிள்ளை, பால் சுட வைச்சனான்,” என்றார் அக்கா. வேறொரு குரல். இவ்வளவு நேரமும் என்னோடு பேசியவருடைய குரலே அல்ல. அவளை அணைத்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். திரும்பி வந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

பிறகு சொன்னார். பிள்ளை பிறந்த மறுநாள் சிந்துவை உள்ளே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அவள் குனிந்து சின்னவளை முதல்முறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை மூச்சை நிறுத்தி நீலமாகியது. அலாரம். நர்ஸ்கள் ஓடி வந்து, இவளுடைய நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டார்கள். அரை நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அவள் முடிவு செய்துவிட்டாள். கண்ணூறு. அதிலும் தாயின் கண் திருஷ்டிதான் பொல்லாதது என்று எங்களுக்குள் சொல்லுவார்களே, அது. நான் பார்த்ததால்தான். நான் பார்க்காமல் இருந்தால் பிள்ளைகள் பிழைக்கும்.

“நான் வந்த அண்டைக்கே எனக்குச் சொல்லி அழுதவள்,” என்றார் அக்கா. “தம்பிக்குத் தெரியாது. அவன் இங்க வளந்தவன், விசர்க்கதை எண்டு பேசுவான். ஆஸ்பத்திரியில இவளுக்குப் பைத்தியம் எண்டு எழுதுவாங்கள். அதுதான் நான் பாத்தன். முப்பத்தொண்டு எண்டு சொன்னா ஒருத்தரும் மறுபேச்சுப் பேசமாட்டினம். பேச்சு விழுந்தா எனக்குத்தானே விழும். விழட்டும்.”

“உங்களுக்கு இந்த முப்பத்தொண்டில நம்பிக்கையோ அக்கா?”

“எனக்கோ? நான் மூத்தவளைப் பெத்துப்போட்டு மூண்டாம் கிழமை உணவகத்தில கோப்பை கழுவினனான்.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும், சிந்துவின் காதுக்காகப் போட்டிருந்த அந்த அலாரத்தின் பிளாஸ்டிக் தொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

சிந்துவிடம் போய் உட்கார்ந்தேன். குறைமாதப் பிள்ளைகள் மூச்சு விட மறந்துபோவார்கள், எல்லாப் பிள்ளைக்கும் அது நடக்கும், யாரும் பார்க்காதபோதுதான் அதிகம் நடக்கும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். என் பிள்ளைகளும் அப்படி நின்று நின்று மூச்சு விட்டவர்கள்தான் என்றேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் உங்கட பிள்ளையளைப் பாத்தனீங்களோ?”

“விடாமல் பாத்தன்.”

“எல்லாருக்கும் ஒரே கண் இல்லை அன்ரி,” என்றாள்.

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது இருக்கிறது. அந்த இடத்தில் நான் இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். இன்னும் நல்ல உதாரணங்கள் சொல்லியிருக்கலாம். டொக்டரைக் கொண்டு பேச வைத்திருக்கலாம். ஆனால் சரியான விளக்கம் எல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேலே பயம் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்துத் தள்ள நேரமில்லை. அடுத்த வியாழனுக்கு ஒரு கிழமைகூட இல்லை. பயத்தைச் சுற்றிக்கொண்டு போக ஏதாவது ஒரு பாதை இருக்கிறதா?

என் மகனை முதன்முதல் என் நெஞ்சில் கிடத்திய நாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தோலோடு தோல் சேர்த்து, தாடைக்குக் கீழே, ஒரு சின்னச் சூடான பொட்டலத்தைப் போல வைத்தார்கள். அன்று நான் முறைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான். முகம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை என்றேன். சிஸ்டர் ஒரு கண்ணாடி கொண்டுவந்து பிடித்தார்.

“பாக்கத் தேவையில்லை,” என்றேன் சிந்துவிடம். “கண்ணை மூடிக்கொண்டு வாரும். கண்ணை மூடிக்கொண்டு இரும். பிள்ளையை நெஞ்சில வைப்பினம். முகம் தெரியவே தெரியாது.”

அவள் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டாள். “தற்செயலாக் கண் திறந்திட்டனெண்டா?”

“தொப்பிதான் தெரியும்.”

“கம்பளித் தொப்பியோ?”

“ஓம். மஞ்சள்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா மூக்கை உறிஞ்சினார். உள்ளி வெட்டினது என்றார்.

அன்று பின்னேரம் கஜன் வேலையால் வந்தபோது அக்கா அவனுக்குத் தீர்ப்பு வழங்கினார். செவ்வாய்க்கிழமை சிந்துவுக்குத் தலைக்கு வார்த்து, பிள்ளைகளிடம் கூட்டிப்போகலாம். அவன் வாயைப் பிளந்தான். நேற்று வரை முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்றீர்களே, அதற்கு இன்னும் எவ்வளவோ கிடக்கிறதே என்றான்.

“அது நிறைமாசத்துக்கு. குறைமாசத்துக்குக் கணக்கு வேற.”

“ஆர் சொன்னது?”

“எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோ? போய்க் கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு.”

அப்படியொரு விதி யாழ்ப்பாணத்தில் எந்த மூலையிலும் கிடையாது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், எங்கள் டொக்டர்மாரிடம் இருக்கிறது. குறைமாதப் பிள்ளைக்கு அவர்கள் இரண்டு வயது வைத்திருப்பார்கள்: பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒன்று. அக்காவுக்கு அது தெரியாது. அடுப்படியில் நின்று தானாகவே கண்டுபிடித்தார்.

வார்டில் நான் யாரிடம் எவ்வளவு சொல்வது? இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்ப எதிர்கொள்வீர்கள். அக்கா ஒருவரிடமும் சொல்லாதே என்றிருந்தார். ஆனால் அங்கே இரண்டு பிள்ளைகள் கிடக்கிறார்கள்; அவர்கள் சம்பந்தப்பட்டதை ஒளித்து வைக்க எனக்கு உரிமையில்லை. அக்காவிடமும் சிந்துவிடமும் சொல்லிவிட்டே சிஸ்டரிடம் போனேன். தாய் பயந்துபோயிருக்கிறாள், மனமில்லாமல் அல்ல. பிறந்த மறுநாள் சின்னவளுக்கு அலாரம் அடித்தபோது அவள் அங்கே இருந்தாள். அவ்வளவுதான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வருகிறாள், கண்ணை மூடியிருப்பாள், பிள்ளையைப் பாருங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம் என்றேன். சிஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. யன்னல் திரையைப் பாதி இறக்கி வைக்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை அக்கா சிந்துவின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். குனிந்த தலை, தரையையே பார்த்த கண். வார்டுக் கதவு திறந்ததும் அந்தக் கண்ணும் மூடிக்கொண்டது. கை கழுவும் தொட்டியில் அக்கா அவளுடைய கைகளை ஒரு சின்னப் பிள்ளைக்குக் கழுவுவது போல விரல் விரலாகக் கழுவினார். கஜன் பின்னால் குளிர்ப்பையோடு நின்றான். அவள் களைத்துப்போய்க் கண்ணை மூடியிருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும்.

பெரியவனைத் தருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் திடமானவன். சிஸ்டர் சின்னவளை எடுத்தார். அன்று மூச்சை நிறுத்திய அதே பிள்ளையை. வயர்கள், குழாய், மஞ்சள் தொப்பி எல்லாவற்றோடும் அவளைக் கொண்டுவந்து சிந்துவின் நெஞ்சில் படுக்க வைத்து, மேலே போர்த்தினார். சிந்துவின் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு அவிழ்ந்தது. அந்த அறை முழுக்க ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை. அதற்கு நடுவே அவளுடைய தலைமயிரிலிருந்து வறுத்த மல்லி, மிளகின் மணம் எழும்பி வந்தது. ஒரு சமையலறை வந்து இன்குபேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது போல.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமலிருப்பது எவ்வளவு வடிவான விஷயம் என்று அந்த வார்டில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு மொனிட்டர் அடித்தது.

சிந்துவின் உடம்பு பலகையானது. அவளுடைய கைகள் பிள்ளையிலிருந்து விலகி மேலே எழும்பின, சுடுசட்டியைத் தொட்டுவிட்டது போல. மொனிட்டரில் ஒட்சிசன் இலக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இளம் நர்ஸ் ஒருத்தி பிள்ளையைத் தூக்க ஓரடி வைத்தாள். நானும் எழும்பிவிட்டேன். இப்போது பிள்ளையை எடுத்துவிட்டால், இந்தப் பெண் இனி இந்தக் கதவுக்குள் வரமாட்டாள். எடுக்காமல் விட்டு, ஏதாவது நடந்துவிட்டால்?

சிஸ்டர் ஒரு கையால் நர்ஸை மறித்தார். கண் பிள்ளையின் நிறத்தில், மற்றக் கை ஒட்சிசன் மாஸ்கில். குரலை உயர்த்தாமல் என்னிடம், பிள்ளையின் முதுகைத் தடவச் சொல்லுங்கள், அம்மாவையே தடவச் சொல்லுங்கள் என்றார்.

“முதுகைத் தடவும் பிள்ளை,” என்றேன். “உம்மட விரலால. போர்வைக்குக் கீழ. தடவும்.”

கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு வலது கை இறங்கியது. கண் மூடியபடியே, போர்வைக்குள் தேடி, ஒரு விரலால், கீழிருந்து மேலே ஒருமுறை. இன்னொருமுறை. போர்வை ஒரு துள்ளுத் துள்ளியது. சின்னவள் மூச்சை இழுத்தாள். இலக்கம் தயங்கி, ஏறத் தொடங்கியது. அலாரம் நின்றது.

சிஸ்டர் மாஸ்கை அதன் இடத்தில் கொழுவினார். அது அவர் கையிலேயே இருந்தது, தேவைப்படவில்லை.

“ஆர் நிப்பாட்டினது?” என்று கேட்டாள் சிந்து.

“நீர்தான்.”

“நர்ஸ் இல்லையோ?”

“ஒருத்தரும் தொடேல்லை. நீர்தான்.”

அவளுடைய விரல் போர்வைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, கீழிருந்து மேலே. அக்கா வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இங்கே உள்ளி எதுவும் வெட்டவில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்று அவள் கண்ணைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாளும் வந்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவளுடைய பேச்சு வந்தபோது, அம்மா இங்கேதான் இருக்கிறார் என்று சிஸ்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பிறகு ஒருநாள், கண்ணாடி ஏதோ கொண்டுவருவீர்களாமே என்று சிந்துவே மெல்லக் கேட்டாள். “கண்ணாடியில பாத்தா நேர பாத்ததில்லைத்தானே அன்ரி?” இல்லவே இல்லை என்றேன். அவள் முதலில் ஒரு கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்குள் சின்னவள் கொட்டாவி விட்டாள். சிந்து மற்றக் கண்ணையும் திறந்தாள்.

கறுத்தப் பொட்டு வைக்கலாமா என்று அடுத்த பேரம். அந்தத் தோலில் எதுவும் வைக்கக்கூடாது. அக்கா இரண்டு மஞ்சள் தொப்பிகளிலும் கறுத்த நூலால் ஒவ்வொரு புள்ளி தைத்துக் கொடுத்தார். பக்கத்து இன்குபேட்டரின் தாய், லாகோஸ்காரி, அது என்ன நாகரிகம் என்று விசாரித்துத் தன் மகனுக்கும் ஒன்று தைப்பித்துக்கொண்டாள். பயத்தைப் பற்றிப் பேசுவதற்கென்று இருப்பவரிடம் சிஸ்டர் சிந்துவை அனுப்பினார். அவளும் போய்ப் பேசினாள். கஜனுக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவளிடமே விட்டுவிட்டோம். அது எங்களுடையதல்ல.

என்னிடம் யாராவது, உங்கள் வேலையில் நீங்கள் செய்த கெட்டித்தனமான காரியம் எது என்று கேட்டால், இதைச் சொல்லமாட்டேன். இது நான் செய்ததில்லை. ஒரு பயத்தை அவமானப்படுத்தாமல் அதற்குப் போர்வை பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரை, பிடிவாதக்காரி என்று எழுதி மூடிவிட இருந்தோம். ஒரு வீட்டில் யார் முரடாகத் தெரிகிறாரோ, அவர் கைக்குள் எதைப் பொத்தி வைத்திருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். எப்போதும் ஏதாவது இருக்கும் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வசந்தம் வந்து மரங்கள் எல்லாம் பூத்துத் தள்ளிய ஒரு காலை, பெரியவனும் சின்னவளும் வீட்டுக்குப் போனார்கள். காரில் இருத்தும் தொட்டில்களுக்குள் இருவரும் இரண்டு மாங்காய் மாதிரித் தொலைந்துபோயிருந்தார்கள். அதன் பிறகு ஒரு கிழமை நின்று பார்த்துவிட்டு அக்கா பாரிஸ் புறப்பட்டார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வானை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொல்லி, என்னைக் கீழே கூப்பிட்டார். கையில் ஒரு போத்தல் நிறையச் சரக்குத்தூள். நான் ஒன்றும் பிள்ளை பெறவில்லையே என்றேன். சளிக்கும் நல்லது என்றார்.

சிந்து முன்சீட்டில் இருந்தாள். பின்னால் திரும்பி, இமைக்காமல், பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஜன் வானின் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். “அக்கா, இனி வாறதெண்டா உங்கட சட்டம் எல்லாத்தையும் பாரிஸில வைச்சிட்டு வாங்கோ. இந்த மனுசியால என்ர பெஞ்சாதி எத்தினை நாள் பிள்ளையளைப் பாக்கேல்லை தெரியுமோ அன்ரி?” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் நிசமும் இருந்தது. அவனுக்கு அது ஆற இன்னும் காலம் வேண்டும்.

உண்மை எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்காவின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி.

“ஓமடா, ஓம்,” என்று அவனுக்குக் குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

“அவனுக்குச் சொல்லிப்போடாதையும் தங்கச்சி. நான் பொல்லாதவளாவே இருந்திட்டுப் போறன், என்ன வந்தது? பிள்ளையளை ஒருக்கா எட்டிப் பாத்துக்கொள்ளும். சரி, போட்டு வாறன்.”